துணையோடு தனித்து வாழ்தல்

உடலிலோ அறிவிலோ மனத்திலோ குறைபாடு உள்ள ஒருவர், எந்த வீட்டில், யாரோடு, என்ன ஒழுங்கில் வாழ்வது என்பதைத் தாமே முடிவு செய்து, அதற்கு வேண்டிய துணையையும் பெற்று, ஊரோடு ஊராக வாழ்வதே தற்சார்பு வாழ்வு. குளிக்க, உடுத்த, உண்ண மூன்றுக்கும் பிறர் கை வேண்டியவருக்கும் இது பொருந்தும். தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் வலிமை இதற்கு முன்நிபந்தனை என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி நினைப்பதால்தான் துணை அதிகம் தேவைப்படுகிறவர் இந்த உரிமைக்கு வெளியே நிறுத்தப்படுகிறார். ஐக்கிய நாடுகள் அவை 2006 டிசம்பர் 13 அன்று ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19ஆம் உறுப்பு, வாழும் இடத்தையும் கூட வாழ்வோரையும் தேர்ந்துகொள்ளும் உரிமை, தனிப்பட்ட உதவியாளர் உள்ளிட்ட துணைச் சேவைகள், பொது வசதிகளில் சமபங்கு ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறது. இந்தியா அதை 2007 அக்டோபர் 1 அன்று உறுதிசெய்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 5ஆம் பிரிவில் சமுதாயத்தில் வாழும் உரிமையை ஒப்புக்கொள்கிறது. ஆனால், எவரும் குறிப்பிட்ட ஓர் ஏற்பாட்டில் கட்டாயமாக இருத்தப்படாமலும், உதவியாளர் முதலிய துணை கிடைக்குமாறும் பார்த்துக்கொள்ள அரசு முயல வேண்டும் என்ற அளவிலேயே அந்தப் பிரிவு நின்றுவிடுகிறது.

சட்டம் பேசுவது ஒரு புறம் இருக்க, தமிழ் வீடுகளில் குறைபாடுள்ளவரின் வாழ்க்கையைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் இரண்டு நம்பிக்கைகள். குறை முன்வினையின் பயன் என்பது ஒன்று. குறையுள்ளவருக்குக் கொடுப்பது புண்ணியம் என்பது மற்றொன்று. முன்னது அவருக்கு ஒரு காரணம் சொல்லிவிடுகிறது, பின்னது அவருக்குச் சோறு போடுகிறது. உனக்கு என்ன வேண்டும் என்று இரண்டுமே அவரைக் கேட்பதில்லை. ஆகவே தற்சார்பு வாழ்வு என்பது சாய்தளம், லிப்ட் பற்றிய கேள்வியாக இருப்பதற்கு முன் சமயம் பற்றிய கேள்வியாக இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் சுமார் 30,000 மாற்றுத்திறனாளிகளைக் கண்ட புதுச்சேரி, இந்தக் கேள்வியை வைத்துப் பார்க்க ஏற்ற ஊர். கோயிலும் மாதா கோயிலும் பள்ளிவாசலும் ஆசிரமமும் நடந்து போகும் தொலைவில் இருக்கின்றன. இந்தியச் சட்டத்தோடு பிரெஞ்சுச் சட்டத்தின் எச்சமும் இங்கே வாழ்கிறது.

புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பிரெஞ்சுக் காலத்துப் புஸ்புஸ் வண்டி உண்டு. அது சக்கரம் வைத்த ஒரு நாற்காலி. பின்னால் ஓர் ஆள் தள்ள, உட்கார்ந்திருப்பவர் முன்சக்கரத்தோடு இணைந்த பிடியைத் திருப்பித் திசை கொடுப்பார். கவர்னர் மாளிகை அதிகாரிகளும் வணிகர்களும் வெள்ளைக்காரத் தெருக்களில் இப்படித்தான் போய்வந்தார்கள். அமைப்பில் அதற்கும் சக்கர நாற்காலிக்கும் வேறுபாடு சொற்பம். ஆனால் அதில் போனவரை யாரும் பிறரை நம்பிப் பிழைப்பவர் என்று இரங்கிப் பார்த்ததில்லை. பிடி அவர் கையில் இருந்தது, அது போதும் என்று ஊர் ஏற்றுக்கொண்டது. தற்சார்பின் இலக்கணம் இந்த வண்டிக்குள் இருக்கிறது: தள்ளுகிற கை யாருடையதாகவும் இருக்கலாம், திசை போகிறவருடையதாக இருக்க வேண்டும். தள்ளியவரின் கூலியும் களைப்பும் இந்த இலக்கணத்தில் சேர வேண்டியவைதாம், அவை பின்னர்.

ஒருவன் சுமக்க ஒருவன் போகும் காட்சியை வள்ளுவரும் அறன் வலியுறுத்தல் அதிகாரத்தில் எடுத்திருக்கிறார். பல்லக்கைத் தூக்குபவனையும் அதில் ஏறிப் போகிறவனையும் பார்த்தாலே அறத்தின் பயன் விளங்கும், நூல் சான்று வேண்டியதில்லை என்று பரிமேலழகர் உரை கண்டார். அவ்விருவரையும் காட்டி அறத்தின் வழி இதுதான் என்று சொல்லிவிடாதே என்று அதே குறளுக்கு நேர் எதிராகப் பொருள் கொண்டவர்களும் உண்டு. இந்த இரண்டு உரைகளுக்கும் இடையிலுள்ள தூரம்தான் வினைக் கொள்கையை வைத்து மாற்றுத்திறனாளியைப் பார்க்கும் இரண்டு பார்வைகளுக்கும் இடையிலுள்ள தூரம். ஒருவரின் இன்றைய நிலையை அவருடைய பழைய கணக்கின் ரசீதாகப் படிக்கலாம் என்பது ஒரு பார்வை. அப்படிப் படிக்கும் உரிமை பார்க்கிறவருக்கு இல்லை என்பது மற்றொன்று.

வினைக் கொள்கையைத் தமிழில் மிக நுணுக்கமாக வகுத்தது சைவ சித்தாந்தம். அதன் முதல் நூலான சிவஞான போதத்தைச் செய்த மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருவெண்ணெய்நல்லூர், புதுச்சேரிக்கு மேற்கே விழுப்புரத்துக்கு அப்பால் இருக்கிறது. அந்நெறியில் வினை மூன்று வகை: சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், இப்பிறவியில் நுகரும் பிராரத்தம், நுகரும்போதே புதிதாக ஈட்டும் ஆகாமியம். குறைபாட்டைப் பற்றிப் பேசும் ஊர்வாய் பிராரத்தத்தோடு நின்றுவிடுகிறது. பார்வை இல்லை, நடை இல்லை, அது அனுபவிக்க வந்தது என்று சொல்லி முடித்துக்கொள்கிறது. ஆனால் அதே சாத்திரப்படி அந்த மனிதர் இன்றைக்கு நினைப்பதும் பேசுவதும் செய்வதும் அவருக்கு ஆகாமியம். அவர் தமக்கென்று ஒன்றைத் தேர்ந்து, அதில் நல்லதும் கெட்டதும் ஈட்டி, வினையைக் கடந்து போக வேண்டிய உயிர். உண்ணும் நேரத்தையும் உடுக்கும் துணியையும் பார்க்கும் ஆட்களையும் பிறர் முடிவு செய்யும் வாழ்க்கையில் ஒருவரை வைத்துவிட்டால், அவருக்கென்று செய்யத்தக்க வினை என்ன மிஞ்சும்? வினையை நம்புகிறவர் குறையை விளக்க மட்டும் அதைப் பயன்படுத்திவிட்டு, தேர்வு என்று வரும்போது கைவிடுவது, கொள்கையின் பாதியை மட்டும் நம்புவதாகும்.

சித்தாந்தம் இன்னும் ஒரு படி போகிறது. உயிருக்கு இச்சை, அறிவு, செயல் என்ற ஆற்றல்கள் இயல்பிலேயே உண்டு. ஆணவம் அவற்றை மறைத்திருக்கிறது. மறைப்பு சற்றே விலகத் தனு, கரணம், புவனம், போகம் ஆகிய நான்கும் இறைவனால் தரப்படுகின்றன. உடல், கருவிகள், உலகம், நுகர்ச்சி என்று அவற்றைச் சொல்லலாம். எல்லா உயிரும் குறைபட்ட கருவிகளோடு தடவித் தடவிப் போகும் உயிரே என்பதால், முழு உடம்பு படைத்தவர் என்று இங்கே யாரையும் தனியே பிரிக்க இடமில்லை. அதோடு, உயிருக்குத் துணையாக வருவது உடம்பு மட்டும் என்று அந்நெறி சொல்லவில்லை, புவனமும் துணைதான். பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகளே நடத்திய ஓர் அமைப்பு 1976இல் வெளியிட்ட அறிக்கை, ஊனம் உடம்பில் இருப்பதைவிட அந்த உடம்புக்கு இடம் தராத சமூகத்தில்தான் இருக்கிறது என்று வாதிட்டது. சித்தாந்தியின் மொழியில் அதைச் சொன்னால், தனுவில் உள்ள குறையைப் புவனம் ஈடுசெய்யலாம், பெருக்கவும் செய்யலாம்.

பெரியபுராணத்தின் தண்டியடிகள் வரலாறு இதற்கு நேர்ச் சான்று. பிறவியிலேயே பார்வை இல்லாத அவர் திருவாரூர்க் கோயிலின் மேற்குப் பக்கக் குளம் தூர்ந்து சுருங்கியதைக் கேட்டு, தாமே அதை வெட்டி அகலமாக்கத் துணிந்தார். குழியில் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டார். இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டினார். மண்ணை வெட்டிக் கூடையில் நிரப்பி, கயிற்றைத் தடவிக்கொண்டே கரையேறிக் கொட்டிவிட்டு, அதே கயிற்றைப் பிடித்து மறுபடி இறங்கினார். சமணர்கள் வந்து, மண்ணைத் தோண்டினால் சிற்றுயிர்கள் சாகும் என்று தடுத்தார்கள். வாதம் முற்றி, அவருடைய மண்வெட்டியையும் கூடையையும் பறித்து, தறியையும் கயிற்றையும் பிடுங்கினார்கள் என்கிறது புராணம். இறுதியில் இறைவன் அருளால் அவருக்குப் பார்வை வந்தது, எதிர்த்தவர்கள் பார்வை இழந்தார்கள். சமயப் பூசலின் சூடு இந்த முடிவில் இருக்கிறது; இன்று படிப்பவர் அதை விலக்கியே படிக்க வேண்டும். கோயில்களில் சொல்லப்படுவதும் பெரும்பாலும் அந்த அற்புதம்தான். ஆனால் குளம் வெட்டியது அற்புதத்துக்கு முன்னால். கண் இல்லாத நிலையிலேயே, எவர் அனுமதியும் கேளாமல், தமக்கு வேண்டிய கருவியைத் தாமே அமைத்துக்கொண்டு ஊருக்கான வேலையைச் செய்தவர் அவர். அவரை முடக்கியது குருடு அன்று, பிடுங்கப்பட்ட கயிறு. சேக்கிழார் அந்தத் தறியையும் கயிற்றையும் விடாமல் சொன்னதற்காகவே தமிழர் அவருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்.

அதே பெரியபுராணத்தில் சுந்தரர் வரலாறு வேறு திசையில் போகிறது. மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறித் திருவொற்றியூரைவிட்டு நீங்கியதும் பார்வை போகிறது. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோலும், காஞ்சியில் ஒரு கண்ணும், திருவாரூரில் மறு கண்ணும் கிடைக்கின்றன. இங்கே குருடு தண்டனை. இரு வரலாறுகளும் ஒரே நூலில் அருகருகே வாழ்கின்றன; மரபு எதைச் சொல்கிறது என்று கேட்பவர், எந்தக் கதையைத் தாம் எடுத்துச் சொல்லிவந்தார் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும். கிறித்தவத்திலும் இந்தப் பிளவு உண்டு. லேவியர் நூல் உடற்குறை உள்ளவரைப் பலிபீடத்தை நெருங்க விடவில்லை. யோவான் நற்செய்தியிலோ, பிறவிக் குருடரைக் காட்டி இவன் செய்த பாவமா பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்க, இரண்டும் இல்லை என்று இயேசு மறுக்கிறார். குர்ஆனின் 80ஆம் அத்தியாயம் பார்வையற்ற ஒருவர் வந்தபோது நபிகள் முகம் சுளித்ததைக் கண்டித்துத் தொடங்குகிறது. பின்னாளில் அவர் மதீனாவில் தொழுகைக்கு அழைப்பவர்களில் ஒருவரானார்.

புதுச்சேரியிலிருந்தே வினைக் கொள்கையை மறுபரிசீலனை செய்தவர் ஸ்ரீ அரவிந்தர். 1914 ஆகஸ்டு 15 முதல் 1921 ஜனவரி வரை இங்கிருந்து வெளிவந்த 'ஆர்யா' இதழில் மறுபிறப்பைப் பற்றி அவர் தொடர்ந்து எழுதினார். மறுபிறப்பை அவர் ஏற்றார்; ஆனால் நல்லவனுக்குச் செல்வமும் நலமும், தீயவனுக்கு நோயும் வறுமையும் என்று உலகத்தை ஒரு நீதிமன்றமாக்கிப் பார்ப்பதைக் குழந்தைத்தனமான ஒழுக்கம் என்று தள்ளினார். ஆன்மா வளர்ச்சிக்காகப் பிறவியை மேற்கொள்கிறது, பரிசுக்கும் தண்டனைக்குமாக அன்று என்பது அவர் நிலை. துன்பப்படுகிறவரைக் குற்றவாளியாக்கும் வழக்கத்தை இது வேரோடு அறுக்கிறது. இருந்தும் இந்தக் கருத்து ஆசிரமத்தின் மதிலைத் தாண்டி ஊருக்குள் எவ்வளவு போயிருக்கிறது என்று பார்த்தால், சோதிடரிடம் குழந்தையின் சாதகத்தை எடுத்துக்கொண்டு போகும் பெற்றோரின் எண்ணிக்கை குறைந்ததாகத் தெரியவில்லை.

வினை நம்பிக்கையைவிட மென்மையாகவும் அதனாலேயே ஆழமாகவும் வேலை செய்வது கொடை. பிறந்தநாள், திருமணநாள், பெற்றோரின் திதி என்று ஏதாவது ஒரு நாளில் மாற்றுத்திறனாளிகள் இல்லத்துக்கு ஒருவேளைச் சாப்பாடு கொடுப்பது புதுச்சேரியிலும் சுற்றுவட்டாரத்திலும் நல்ல குடும்பங்களின் வழக்கம். அன்றைய கொடையாளரின் பெயர் கரும்பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதப்படும். சாதம், சாம்பார், வடை, பாயசம் வந்து இறங்கும். கொடையாளர் வரும்வரை இலையின் முன் காத்திருக்க வேண்டும். வந்த பின் பிரார்த்தனை. பிறகு சேர்ந்து நின்று ஒரு படம். ஒரே வாரத்தில் நான்கு பாயசம் வரலாம், நாற்பது வயது மனிதர் ஒருவருக்கு அன்று பசியே இல்லாமலும் இருக்கலாம், மீன் குழம்பு சாப்பிட ஆசையாகவும் இருக்கலாம். அதைச் சொல்ல அங்கே வாய்ப்பு இல்லை; சொன்னால் நன்றி கெட்டவர் என்று பெயர் வரும். கொடுப்பவரின் அன்பு உண்மையானது, அதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டில் புண்ணியம் ஈட்டும் உயிர் ஒன்றுதான் கணக்கில் வருகிறது. வாங்குகிறவர் அந்தப் புண்ணியத்துக்குப் பாத்திரமாக மட்டும் இருக்கிறார். பாத்திரம் அறிந்து இடு என்ற பழைய அறிவுரை, பாத்திரமாக வைக்கப்பட்டவரின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டதில்லை.

கொடையும் நேர்த்திக்கடனும் கண்காணிப்பில்லாத அடைப்பும் ஒன்றுசேர்ந்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி சாட்சி. தர்காவில் மனநோய் தீரும் என்ற நம்பிக்கையால் அங்கே கொண்டுவந்து விடப்பட்டவர்களைத் தனியார் காப்பகங்கள் வாங்கிக்கொண்டன. 2001 ஆகஸ்டு 6 அதிகாலையில் அவற்றுள் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்பியோட முடியாமல் செத்தார்கள். தர்காவுக்கு வந்தவர்களுள் இந்துக்களும் கிறித்தவர்களும் உண்டு. எனவே இதை ஒரு சமயத்தின் மேல் ஏற்றிவிட முடியாது. குடும்பங்கள் அவர்களை அங்கே விட்டது கொடுமையால் அன்று. பார்த்துக்கொள்ள வேறு வழி எதுவும் ஊரில் இல்லை.

இந்த இடத்தில் இல்லங்களின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். அரசு கை கழுவிய காலத்தில் தெருவில் கிடந்தவர்களைத் தூக்கிக் காத்தவர்கள் பெரும்பாலும் கன்னியர் மடங்களும் ஆசிரமங்களும் தனிமனிதர்களும்தான். அவர்கள் செய்ததைக் குறைத்துப் பேசுவது அநியாயம். இல்லம் இருந்ததால் உயிர் பிழைத்தவர், அந்த உயிரோடு என்ன செய்வது என்று கேட்பதுதான் தற்சார்பு வாழ்வின் கேள்வி. அது இல்லத்துக்கு எதிரான கேள்வியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

கொடையைப் போலவே காப்பு என்ற பெயரில் சட்டமும் முடிவுகளை எடுத்துக்கொண்டது. புதுச்சேரியில் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் 1819 ஜனவரி 6 ஆணையால் நடைமுறைக்கு வந்தன. இந்தியர்கள் விரும்பினால் தங்கள் சாதி வழக்கங்களைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வரலாம் என்று 1881 செப்டம்பர் 21 ஆணை வழிசெய்தது. அப்படித் துறந்தவர்களே ரெனோன்சான்கள். தன் சட்டத்தைத் தானே தேர்ந்துகொள்ளும் அபூர்வமான உரிமை அது. ஆனால் அதே 1804ஆம் ஆண்டுத் தொகுப்பின் 489ஆம் பிரிவு, அறிவுக் குறையோ சித்தப் பிரமையோ வெறியோ வழக்கமாக உள்ள வயதுவந்தவரைத் தடைக்குட்படுத்த வேண்டும் என்றது, இடையிடையே தெளிவு வந்தாலும்கூட. 509ஆம் பிரிவு அவரை உடலிலும் சொத்திலும் சிறுவருக்குச் சமமாக்கியது. பிரான்சு 1968இல் அந்தத் தடை முறையை மாற்றிவிட்டது. இந்திய மரபும் இதில் உயர்ந்ததாக இல்லை. பார்வையற்றவர், செவிடர், சித்தம் கலங்கியவர் ஆகியோருக்குச் சோறும் துணியும் உண்டு, சொத்தில் பங்கு இல்லை என்று மனுநூல் விதித்தது. நோய், குறை, ஊனம் எதுவும் வாரிசுரிமையைத் தடுக்காது என்று தெளிவாக எழுத 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சோறு உண்டு, பங்கு இல்லை என்ற அந்தப் பழைய தீர்ப்பு பல வீடுகளில் சட்டம் இல்லாமலே இன்னும் நடக்கிறது.

பிறர் கையால் ஒன்றைச் செய்துகொள்பவர் அதைத் தாமே செய்தவராக மாட்டார் என்ற எண்ணமே இவை எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிறது. அந்த எண்ணம் தவறு என்பதற்குப் புதுச்சேரியிலேயே ஒரு வரலாறு உண்டு. சீடர்களுக்குக் காட்சி தரும் தரிசன நாளான 1938 நவம்பர் 24க்கு முந்தின இரவு ஸ்ரீ அரவிந்தர் தம் அறையில் இடறி விழுந்து வலது தொடை எலும்பு முறிந்தது. அதிலிருந்து 1950 டிசம்பர் 5 அன்று மறையும்வரை நெருங்கிய சீடர்கள் சிலர் அவருக்குப் பணிவிடை செய்தார்கள். கடைசி ஆண்டுகளில் பார்வையும் மங்கியது. தம் வாழ்நாள் காவியமான 'சாவித்திரி'யின் பெரும்பகுதியை அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் நிரோத்பரன் என்னும் மருத்துவச் சீடர். எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டுவதும், சொன்ன திருத்தத்தைச் சொன்ன இடத்தில் போடுவதும் அவர் வேலை. அந்தக் காவியத்தை நிரோத்பரன் எழுதினார் என்று எவரும் சொல்வதில்லை. கை அவருடையது, சொல் அரவிந்தருடையது. ஆனால் இதே தெளிவு தேர்வறையில் காணாமல் போகிறது. எழுத உதவியாளர் கேட்கும் மாணவர் சலுகை கேட்பவராகவே பார்க்கப்படுகிறார். எழுத்தில் சிக்கல் உள்ள ஒருவருக்குக் குடிமைப் பணித் தேர்வில் உதவியாளர் மறுக்கப்பட்ட விகாஷ் குமார் வழக்கில், 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சட்ட வரையறையின் குறிப்பிட்ட விழுக்காட்டை எட்டாதவருக்கும் நியாயமான வசதி உரிமை என்றது.

தமிழ்ப் புலவர் மரபில் இரட்டையர் இன்னொரு சான்று. இளஞ்சூரியர், முதுசூரியர் என்ற இவர்களுள் ஒருவருக்கு நடை இல்லை, மற்றவருக்குப் பார்வை இல்லை. நடக்க முடியாதவர் பார்வையற்றவரின் தோளில் ஏறி வழி சொல்ல, இவர் நடக்க, ஊர் ஊராகப் போனார்கள். வெண்பாவின் முற்பாதியை ஒருவர் சொன்னால் பிற்பாதியை மற்றவர் முடிப்பார். விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூருக்கு அவர்கள் பாடிய கலம்பகம் இன்றும் இருக்கிறது. முடவனும் குருடனும் சேர்ந்து நடப்பதைச் சாங்கிய காரிகை புருடனுக்கும் பிரகிருதிக்கும் உவமையாக்கியது. அறிவு ஒன்றிடம், இயக்கம் ஒன்றிடம், இரண்டும் கூடினால்தான் உலகம். தத்துவ நூல்களில் ஊனம் உவமையாகவே வருவது வழக்கம். இரட்டையரிடம் அது வாழ்க்கையாக இருந்தது, அந்த வாழ்க்கையில் யார் யாரைச் சார்ந்திருந்தார் என்று பிரித்துச் சொல்லவே முடியாது. மேலைத் தத்துவத்தில் அலஸ்டெர் மெக்கின்டயரும் ஈவா ஃபெடர் கிட்டேயும் 1999இல் வெளியிட்ட நூல்களில், சார்ந்திருத்தல் மனித இயல்பு, அதை மறைத்துத் தனித்து நிற்கும் மனிதனைக் கற்பனை செய்ததே நீதிக் கோட்பாடுகளின் பிழை என்று எழுதினார்கள்.

நடைமுறையில் இந்தக் கருத்து உருப்பெற்றது கலிபோர்னியாவின் பெர்க்லியில். போலியோவால் கழுத்துக்குக் கீழே அசைவிழந்த எட் ராபர்ட்ஸ் 1962இல் அங்கே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவரும் தோழர்களும் 1972இல் தற்சார்பு வாழ்வு மையத்தைத் தொடங்கினார்கள். உதவியாளரை அமர்த்துவதும் பழக்குவதும் நீக்குவதும் உதவி பெறுகிறவரே என்பது அவர்கள் வைத்த முறை. சுவீடன் 1994இல் அதைச் சட்ட உரிமையாக்கி அரசுப் பணத்தில் நடத்தியது. தமிழ்நாட்டில் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து முதுகுத்தண்டு அடிபட்ட எஸ். ராமகிருஷ்ணன், தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அசைய முடியாத மனிதரின் தலைமையில் வளர்ந்த நிறுவனம் அது. சென்னையின் பான்யன் அமைப்பு 2015 முதல், மனநலக் காப்பகங்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களை நான்கைந்து பேராகச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு எடுத்துக் குடிவைக்கிறது. சமைப்பதா வாங்குவதா, எந்தக் கோயிலுக்குப் போவது என்பதை அங்கே இருப்பவர்களே பேசி முடிவெடுக்கிறார்கள். ஏர்வாடியில் வழி இல்லாமல் போனவர்களுக்கு வேறு வழி ஒன்று இருந்திருக்கலாம் என்பதற்கு இந்த வீடுகள் கண்கண்ட சாட்சி.

புதுச்சேரி நகரத்தில் தடைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. தமிழர் தெருக்களின் பழைய வீடுகளுக்கு அழகு சேர்க்கும் திண்ணையும் உயர்ந்த படிகளும் சக்கர நாற்காலிக்கு மதில். நிலைப்படியில் திருமகள் இருக்கிறாள், அதைச் செதுக்கித் தாழ்த்தக் கூடாது என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். மரப்பலகையைச் சாய்த்து வைத்தால் தெய்வமும் நாற்காலியும் ஒருங்கே மதிக்கப்படும். டெம்போவில் ஏற உடம்பை மடக்கத் தெரிய வேண்டும். மாலையில் வண்டிகள் நிறுத்தப்பட்டதும் கடற்கரைச் சாலை ஒன்றுதான் சக்கர நாற்காலி தடையின்றி உருளும் நீண்ட இடம். அணுகல் விதிகளை வெறும் பரிந்துரையாக வைத்திருக்க முடியாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

கோயில் வாசலில் இன்னொரு வகைத் தடை. சக்கரம் தெருவில் உருண்டு வந்தது, தீட்டு என்று சொல்லி, நாற்காலியைச் செருப்போடு சேர்த்து வெளியே விடச் சொல்லும் இடங்கள் உண்டு. நாற்காலி அதில் இருப்பவருக்குக் கால். வில்லியனூர்த் திருக்காமீசுவரர் தேரைப் பிரெஞ்சுக் காலத்தில் கவர்னர் வடம் பிடித்தார். இன்றும் துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். கோயிலுக்குள் வர இயலாதவரும் காண வேண்டும் என்றுதான் இறைவன் சக்கரத்தில் ஏறித் தெருவுக்கு வருகிறான். தெய்வம் ஏறிய சக்கரம் தூய்மையானது, பக்தர் ஏறிய சக்கரம் அசுத்தம் என்பதற்கு உற்சவ மரபிலேயே நியாயம் இல்லை.

தள்ளுகிறவரின் நியாயத்துக்கு வருவோம். இந்தியாவில் தனிப்பட்ட உதவியாளர் என்பவர் ஏறக்குறைய எப்போதும் அம்மா, இல்லாவிட்டால் மனைவி, அக்கா, கூலி குறைந்த ஒரு பெண். ஒருவரின் தற்சார்பு இன்னொருத்தியின் வாழ்நாளை விழுங்கி வரக் கூடாது. 2016 சட்டத்தின் 24ஆம் பிரிவு, அதிகத் துணை தேவைப்படுபவருக்குப் பராமரிப்பாளர் படியைச் சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் சேர்க்கச் சொல்கிறது. அந்தப் படி ஒருவரைக் கௌரவமான சம்பளத்துக்கு அமர்த்தும் அளவுக்கு உயர்ந்தால்தான், உதவி என்பது பாசத்திலிருந்தும் புண்ணியத்திலிருந்தும் விடுபட்டு வேலையாகும். பாசம் பிறகும் இருக்கும், கட்டாயமாக இருக்காது.

மிஞ்சுவது பெற்றோரின் கேள்வி: எங்க காலத்துக்கு அப்புறம் இவனை யார் பாத்துப்பா? பேச்சும் கணக்கும் இல்லாத, வாழ்நாள் முழுதும் துணை வேண்டிய பிள்ளையைப் பெற்றவர்கள், தேர்வு, தன்விருப்பம் என்ற பேச்சைக் கேட்டுக் கசந்துபோவது இயல்பு. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறை, பல்வகைக் குறைபாடு ஆகியவை உள்ளவர்களுக்கு மாவட்டக் குழு வழியாகப் பாதுகாவலரை நியமிக்க வழிசெய்தது. 2016 சட்டத்தின் 14ஆம் பிரிவோ வரையறுக்கப்பட்ட பாதுகாவல் என்ற முறையைக் கொண்டுவந்தது. பாதுகாவலர் குறிப்பிட்ட முடிவுக்காக, குறிப்பிட்ட காலத்துக்கு, அந்த நபரோடு சேர்ந்து முடிவெடுக்க வேண்டியவர். உடன்படிக்கையை விளக்கிய ஐ.நா. குழு 2014இல் வைத்த அளவுகோல் இதைவிடத் தெளிவு. ஒருவரின் விருப்பத்தை எவ்வளவு முயன்றும் அறிய முடியாதபோது, அவருக்கு எது நல்லது என்று பிறர் கருதுவதை விட்டுவிட்டு, அவருடைய விருப்பமும் நாட்டமும் என்னவாக இருக்கும் என்பதற்குக் கிடைக்கும் சிறந்த பொருளையே பின்பற்ற வேண்டும்.

அந்தப் பொருளை அறிய வழி உண்டு, அது வீட்டிலேயே இருக்கிறது. எந்தத் தட்டை வைத்தால் கையைத் தள்ளுகிறான், யார் வந்தால் குரல் மாறுகிறது, கடற்கரைக்குப் போகும் திருப்பத்தில் உடம்பு எப்படி முன்னால் சாய்கிறது, எந்த அறையில் தூங்க மறுக்கிறான் என்பது தாய்க்குத் தெரியும். அவளுக்கு மட்டும் தெரிந்திருப்பதுதான் ஆபத்து. இவற்றை ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதி, அண்ணன், அத்தை, ஆசிரியை, அடுத்த வீட்டுக்காரர் என்று நாலைந்து பேர் படித்து, தாங்கள் கண்டதையும் சேர்த்து எழுதிவைத்தால், பின்னால் வரும் பாதுகாவலர் கையில் வெறும் அதிகாரம் இருக்காது. அந்த மனிதரின் இருபது முப்பது ஆண்டு விருப்பங்கள் இருக்கும். எந்த ஊரில், எந்த வீட்டில், எந்தக் கூட்டாளிகளோடு அவரைக் குடிவைப்பது என்ற முடிவை அந்த நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எடுக்கலாம், ஆறு மாதம் கழித்து அவர் முகத்தைப் பார்த்து மாற்றவும் செய்யலாம்.